குருவி தலையில் பனங்காய்: கணினி தொடங்கும் வரிசையும் அதன் நியாயமும்



கணினியின் பொத்தானை அழுத்துகிறோம். தயாரித்த நிறுவனத்தின் சின்னம் வருகிறது. கறுப்புத் திரையில் சில வரிகள் ஓடுகின்றன. பிறகு கடவுச்சொல் கேட்கும் திரை வந்து நிற்கிறது. இந்தச் சில நொடிகளை நாம் காத்திருப்புக் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆனால் அதற்குள் குறைந்தது நான்கு நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுப்பேற்று, தம் பங்கை முடித்து, அடுத்ததிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கின்றன. போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் முதலாவது, பூட் லோடர் இரண்டாவது, கெர்னல் மூன்றாவது, இனிட் நான்காவது. ஏன் நான்கு? எல்லாம் தெரிந்த ஒரே நிரலை எழுதி வைத்தால் ஆகாதா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் இன்றைய பேச்சின் நோக்கம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வரிசையில் முன்னால் நிற்பவருக்குக் குறைவாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். தள்ளிப்போடக் கூடிய அறிவு எதுவானாலும் அதைப் பின்னால் வருபவருக்கு விட்டுவிட வேண்டும். காரணம் எளியது: முன்னால் ஓடும் நிரல் தடுக்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்க அங்கே யாரும் இல்லை. குருவி தலையில் பனங்காயை வைக்காதே என்று நம் ஊரில் சொல்வதை இந்தத் துறை பலமுறை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது.

முதலில் சிக்கலின் வேரைப் பார்ப்போம். மின்சாரம் வந்த கணத்தில் நினைவகத்தில் உருப்படியாக எதுவும் கிடையாது. இயங்குதளம் டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க்கைப் படிக்க ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் டிஸ்க்கில்தான் இருக்கிறது. தன் காலணி வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே மேலே தூக்கிக்கொள்வது போன்ற இந்த நடவாத காரியத்திலிருந்துதான் பூட் என்ற சொல்லே வந்தது. 1975-இல் வந்த ஆல்டேர் 8800 கணினியில் இந்தச் சிக்கலை மனிதர் தம் விரல்களால் அவிழ்த்தார்கள். முன்பலகையில் உள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, ஒவ்வொரு பைட்டாக ஒரு சிறு நிரலை நினைவகத்தில் ஏற்றுவார்கள். அந்தச் சிறு நிரல் காகித நாடாவிலிருந்து பெரிய நிரலைப் படித்துக்கொள்ளும். கையால் ஏற்றுவதாயிற்றே, அது எவ்வளவு சிறிதாக இருக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக இருந்தது. பிற்காலத்தில் அந்த விரல்களின் இடத்தை ரோம் சில்லு பிடித்துக்கொண்டது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்த 8088 பிராசசர், உயிர் வந்ததும் தன் 1 மெகாபைட் முகவரிப் பரப்பின் கடைசி 16 பைட்டுக்குப் போய் நிற்கும். 16 பைட்டில் என்ன எழுத முடியும்? வேறோர் இடத்துக்குத் தாவு என்ற ஒரு கட்டளைதான். அங்கே தாவியதும் பயாஸ் என்ற ஃபர்ம்வேர் தொடங்கும். வரிசையின் முதல் கண்ணிக்குத் தெரிந்தது இவ்வளவே: அடுத்தது எங்கே இருக்கிறது.

பயாஸும் தன் பங்குக்கு அடக்கமாகவே நடந்துகொண்டது. கோப்பு என்றால் என்ன, கோப்புறை என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டை நினைவகத்தில் ஏற்றும். இறுதியில் உள்ள 2 பைட் முத்திரை சரிதானா என்று பார்க்கும். சரியென்றால் அங்கே தாவிவிடும். அந்த 512-இல் டிஸ்க்கின் பாகப்பிரிவினைப் (பார்ட்டிஷன்) பட்டியலுக்கு 64 பைட் போக, பூட் லோடருக்குக் கிடைத்தது 446 பைட். இதற்குள் ஒரு முழு லோடரை எழுத முடியாது. எனவே லினக்ஸ் உலகின் பழைய பூட் லோடரான லிலோ ஒரு குறுக்குவழி கண்டது. கெர்னல் கோப்பு டிஸ்க்கில் எந்தெந்தக் கட்டத்தில் கிடக்கிறது என்ற எண்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். தொடங்கும்போது அந்த எண்களைப் பார்த்து எடுத்து ஏற்றும். இதில் ஒரு வினை இருந்தது. கெர்னலைப் புதுப்பித்தால் கோப்பு வேறு கட்டங்களுக்கு இடம் மாறிவிடும். லிலோ கட்டளையை மறுபடி ஓட்ட மறந்தால், லோடர் பழைய இடத்தையே தேடும், கணினி எழாது. லிலோவுக்குக் குறைவாகத்தானே தெரிந்திருந்தது, அப்புறம் ஏன் விழுந்தது என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத் தெரிந்தது குறைவு என்பது சரி. ஆனால் அது தவறான வகை அறிவு. நண்பரின் பெயரையும் தெருவையும் கேட்டு வைத்துக்கொள்ளாமல், அவர் நேற்று உட்கார்ந்திருந்த நாற்காலியை நினைவில் வைத்துக்கொள்வது போன்றது அது. குறைவாகத் தெரிந்திருப்பது மட்டும் போதாது. தெரிந்தது நிலையானதாகவும் இருக்க வேண்டும் என்பது லிலோ கற்பித்த பாடம்.

அந்த 446 பைட் இருக்கையில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும் என்பது இன்னொரு சங்கடம். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் தந்த கணினிகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. எதைத் தொடங்குவது என்று கேட்கும் பட்டியலைக் காட்டுவது கிரப் என்ற பூட் லோடரின் வேலை. இப்படி இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்கும் பழைய முறைக் கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவினால், அது அந்த முதல் 512 பைட்டில் தன் லோடரை எழுதிவிடும். லினக்ஸ் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கும். அதை அழைக்கத்தான் ஆள் இருக்காது. லினக்ஸ் அழிந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்வது இந்த நிலையைத்தான். அழிந்தது லினக்ஸ் அன்று, அதற்குப் போகும் வழி சொல்லும் சிறு குறிப்பு மட்டுமே.

கிரப் லிலோவின் குறையைத் தீர்த்தது. 1995-இல் எரிக் போலின் எழுதத் தொடங்கிய இந்த லோடர், முதல் 446 பைட்டில் ஒரு துணுக்கை வைத்தது. அதற்கு அடுத்து, முதல் பார்ட்டிஷன் தொடங்கும்வரை சும்மா கிடந்த ஏறத்தாழ 31 கிலோபைட் இடைவெளியில் தன் உடலை வைத்தது. அந்த உடலுக்குக் கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியும். எனவே கெர்னலை எண்ணால் தேடாமல் பெயரால் தேடியது. கோப்பு எங்கே இடம் மாறினாலும் கவலை இல்லை. கெர்னலை ஏற்றியதும் கிரப் செய்யும் ஒப்படைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். லினக்ஸின் பூட் நெறிமுறை என்பது எழுதி வைத்த ஓர் உடன்படிக்கை. நினைவகத்தில் எந்தப் பகுதி உபயோகிக்கத் தக்கது, கெர்னலோடு சேர்த்து ஏற்றிய சிறு கோப்புத் தொகுப்பு எங்கே இருக்கிறது, பயனர் தந்த கட்டளை வரி என்ன என்பவைதான் அதன் சாரம். சாதாரண கணினிகளில் அந்தக் கட்டளை வரிக்கு உள்ள அளவு 2048 பைட். இவ்வளவு சிறிய சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு லோடர் மறைந்துவிடுகிறது. இந்த உடன்படிக்கை சிறிதாக இருப்பதால்தான் கிரப்பைத் தூக்கிவிட்டு வேறொரு லோடரை வைத்தாலும் கெர்னலுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இனி கெர்னல். சுருக்கி வைத்த தன்னைத் தானே விரித்துக்கொண்டு, நினைவக மேலாண்மையை அமைத்து, பிராசசரின் மற்றக் கோர்களை எழுப்பி, சாதனங்களை அடையாளம் காணும் இந்த நிரல் நான்கு பேரில் பெரியது. ஆனாலும் ஒரு வேலையை அது தானாக மனமுவந்து கைவிட்டது. மூலக் கோப்பு முறைமை, அதாவது இயங்குதளத்தின் கோப்புகள் அனைத்தும் இருக்கும் இடம், எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே அது. ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு விடை எளிது: இன்ன டிஸ்க்கின் இன்ன பார்ட்டிஷன். இன்றோ அது பல டிஸ்க்குகள் சேர்ந்த ரெய்டு தொகுப்பின் மேல் இருக்கலாம். கடவுச்சொல் கேட்கும் மறையாக்கத்துக்குள் இருக்கலாம். வலைப்பின்னலின் மறுமுனையில் இருக்கலாம். இத்தனை வழிகளையும் கெர்னலுக்குள் திணிப்பதற்குப் பதிலாக, லினக்ஸ் கெர்னலின் 2.6 வரிசையில் இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஏற்பாடு வந்தது. லோடர் கெர்னலோடு சேர்த்து ஏற்றிய அந்தச் சிறு தொகுப்புக்குள் ஒரு குட்டி லினக்ஸே இருக்கிறது. அதிலுள்ள சாதாரண நிரல்கள் கடவுச்சொல்லைக் கேட்டு, டிஸ்க்கைத் திறந்து, உண்மையான மூலத்தைக் கண்டுபிடித்து, பிறகு தம் கோப்புகளைத் தாமே அழித்துவிட்டு வழிவிடுகின்றன. கெர்னலும் இப்படித்தான்: தொடக்கத்துக்கு மட்டும் தேவைப்பட்ட தன் பகுதிகளை நினைவகத்திலிருந்து விடுவித்து, இத்தனை கிலோபைட் விடுவித்தேன் என்று ஒரு வரி அச்சிடும். அதே 2.6-இல் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு முன்புவரை லினக்ஸ் கெர்னலின் தலையிலேயே ஒரு பூட் செக்டார் இருந்தது. ஃபிளாப்பியில் நேரே எழுதினால் லோடர் இல்லாமலே எழும். 2.6-இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஃபிளாப்பியிலிருந்து தொடங்கினால், பூட் லோடரைப் பயன்படுத்துங்கள் என்று ஒரு செய்தி மட்டும் வரும். கெர்னல் வளர வளரத் தன் எல்லையைச் சுருக்கிக்கொண்டது.

கடைசியில் கெர்னல் முதல் பயனர் நிரலைத் தொடங்குகிறது. அதன் எண் 1, அதுதான் இனிட். இனிட் எங்கே இருக்கும் என்பது பற்றிக் கெர்னலுக்குத் தெரிந்தது வழக்கமான மூன்று இடங்கள். மூன்றிலும் இல்லையென்றால், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் ஒன்றைத் தொடங்கிப் பார்க்கும். அதுவும் இல்லையென்றால் கைவிரித்து நின்றுவிடும். வலைப்பின்னலை எப்படி இணைப்பது, அச்சுப்பொறிச் சேவையை எப்போது தொடங்குவது என்பதெல்லாம் இனிட்டின் பாடு. பெற்றோர் நிரல் முடிந்துபோன அநாதை நிரல்களையும் பொதுவாக இனிட்தான் தத்தெடுக்கிறது. இனிட் செத்தால் கெர்னல் முழுக் கணினியையும் நிறுத்திவிடும். வரிசையில் கடைசியாக வந்தாலும், தாங்கிப் பிடிக்க ஆளில்லாத இடத்தில்தான் இதுவும் நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள். இதற்குத் திரும்பி வருவேன்.

இப்போது எதிர்வாதங்கள். முதலாவது: கிரப்புக்குக் கோப்பு முறைமை தெரிந்ததால்தானே லிலோவின் துன்பம் தீர்ந்தது? அறிவு கூடுவது நல்லதுதானே? இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் கிரப் அங்கே நிற்கவில்லை. பல வகைக் கோப்பு முறைமைகள், எழுத்துருக்கள், படங்கள், நிபந்தனையும் சுழற்சியும் கொண்ட ஒரு கட்டளை மொழி என்று அது வளர்ந்தது. அதற்கான கட்டணம் 2020 ஜூலையில் வந்தது. கிரப் தன் அமைவுக் கோப்பைப் படிக்கும் பகுதியில் இருந்த வழிந்தோடல் பிழையை எக்லிப்சியம் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதற்குப் பூட்ஹோல் என்று பெயர். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே ஓடவிடும் செக்யூர் பூட் காவலை, கையொப்பம் தேவைப்படாத ஓர் அமைவுக் கோப்பால் தாண்டிவிடலாம் என்று ஆயிற்று. அதைத் திருத்தப்போய்ச் சில லினக்ஸ் வெளியீடுகளில் கணினிகளே எழாமல் போயின. ஃபர்ம்வேரும் இதே வழியில் போயிருக்கிறது. பயாஸின் இடத்துக்கு வந்த யுஇஎஃப்ஐ, 446 பைட் நெருக்கடியை ஒழித்தது. ஒவ்வோர் இயங்குதளத்தின் லோடரும் தனித்தனிக் கோப்பாக ஒரு பொதுப் பார்ட்டிஷனில் உட்கார இடம் தந்தது. நல்ல காரியம். ஆனால் இடம் கிடைத்ததும் அதை நிரப்பும் ஆசையும் வந்தது. 2023 டிசம்பரில் பைனார்லி நிறுவன ஆய்வாளர்கள் லோகோஃபெயில் என்ற குறைகளை வெளிப்படுத்தினார்கள். தொடக்கத்தில் திரையில் வரும் நிறுவனச் சின்னப் படத்தைப் படிக்கும் நிரலில் இருந்த பிழைகள் அவை. ஒரு சின்னத்தைக் காட்டுவதற்காகப் படக்கோப்பைப் பிரித்துப் படிக்கும் அறிவு, கணினியின் மிக உயர்ந்த அதிகாரத்தோடு, எந்தக் காவலும் முழுமையாக எழுவதற்கு முன் ஓடிக்கொண்டிருந்தது. பனங்காய் என்று நான் சொன்னது இதைத்தான். பெயரால் கோப்பைத் தேடும் அறிவு லோடருக்குத் தேவை. அதைத் தள்ளிப்போட முடியாது. சின்னப் படத்தின் அழகைத் தள்ளிப்போட்டிருக்கலாம்.

இரண்டாவது எதிர்வாதம்: கண்ணிகள் கூடினால் சங்கிலி அறுந்துபோகும் இடங்களும் கூடுமே, சேர்த்துவிடலாமே? சேர்க்கத்தான் செய்கிறார்கள். 2012-இல் வந்த லினக்ஸ் 3.3 முதல், கெர்னலையே யுஇஎஃப்ஐ நேராக அழைக்க முடியும். நடுவில் லோடர் தேவையில்லை. கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ், கட்டளை வரி மூன்றையும் ஒரே கோப்பாகக் கட்டி ஒரே கையொப்பம் இடும் முறையும் வந்திருக்கிறது. சேவையகங்களில் லினக்ஸ்பூட் என்ற திட்டம், ஃபர்ம்வேரின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு அங்கே ஒரு லினக்ஸ் கெர்னலையே வைக்கிறது. இவை என் வாதத்தை உடைப்பதுபோல் தோன்றும். கூர்ந்து பார்த்தால் அப்படி இல்லை. இவற்றில் நீக்கப்படுவது, முன்வரிசையில் தேவையின்றி ஏறி உட்கார்ந்த அறிவுதான். யுஇஎஃப்ஐ டிரைவர்கள் ஒன்றுக்கொன்று சுவர் இல்லாமல் ஒரே அறையில் ஓடுகின்றன. லினக்ஸ் கெர்னலோ பல்லாண்டு பல கோடிக் கணினிகளில் அடிபட்டுத் தேறியது. தன்மேல் ஓடும் நிரல்களைத் தனித்தனி அறையில் அடைக்கத் தெரிந்தது. வேலை, காவல் இருக்கும் இடத்துக்கு மாற்றப்படுகிறது. ஃபர்ம்வேருக்கு எதுவுமே தெரியக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நினைவகச் சில்லுகளைப் பழக்கி எடுக்கும்வரை நினைவகமே கிடையாது. அந்த வேலையை வேறு யாரும் செய்ய முடியாது. அது ஃபர்ம்வேரின் நியாயமான சுமை. தள்ளிப்போட முடியாததை மட்டும் முன்னால் வை என்பதுதான் விதி.

மூன்றாவது எதிர்வாதம்தான் சூடானது. இனிட்டின் இடத்தில் இன்று பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளில் இருப்பது சிஸ்டம்டி. பழைய முறையில் இனிட், வரிசை எண் போட்ட ஷெல் ஸ்கிரிப்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டும். முந்தியது முடியும்வரை பிந்தியது காத்திருக்கும். 2010-இல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் கொண்டுவந்த சிஸ்டம்டி, எந்தச் சேவைக்கு எது வேண்டும் என்ற உறவை எழுதச் சொல்லி, தொடர்பில்லாதவற்றை ஒரே நேரத்தில் தொடங்கியது. செத்த சேவையைத் தானே எழுப்பியது. எண் 1 இவ்வளவு பெரிதாகலாமா என்று பெரிய சண்டை நடந்தது. 2014 பிப்ரவரியில் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் தொழில்நுட்பக் குழுவில் வாக்குகள் சரிசமமாகப் பிரிந்து, தலைவரின் முடிவு வாக்கால் சிஸ்டம்டி வென்றது. ஏற்க மறுத்தவர்கள் அதே ஆண்டு தெவுவான் என்று தனிக்குடித்தனம் போனார்கள். யார் பக்கம் நியாயம்? பழைய ஸ்கிரிப்டுகளுக்குத் திரும்பு என்பவர்கள் தோற்றது சரி. சேவைகளின் உறவை அறிந்த ஒருவர் வேண்டும், அந்த அறிவுக்கு உரிய இடம் வரிசையின் கடைசிதான். ஆனால் எண் 1 சிறிதாக இருக்கட்டும் என்றவர்களின் அச்சமும் வெறும் பழமைவாதம் அன்று. 2016 செப்டம்பரில் ஒரு பிழை வெளிவந்தது: எந்தச் சாதாரணப் பயனரும் வெற்றுச் செய்தி ஒன்றை அனுப்பி எண் 1-ஐ உறையவைக்கலாம். அது சாகக் கூடாது என்பதால் உறைந்து நின்றது. சேவைகளை நிர்வகிக்க ஆளில்லாமல் போயிற்று. பதிவுகளைச் சேகரிப்பது, பயனர் நுழைவைக் கவனிப்பது போன்ற வேலைகளைச் சிஸ்டம்டி தனி நிரல்களாகப் பிரித்து வைத்திருப்பது நல்ல பக்கம். எண் 1-க்குள் இருந்தே ஆக வேண்டியது எது என்ற கேள்வியை அது இன்னும் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் தீர்ப்பு.

என் வாதத்துக்கு மிக நல்ல சாட்சி பலருடைய சட்டைப்பையில் இருக்கிறது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல், ஃபோனில் இயங்குதளத்தின் இரண்டு பிரதிகளை வைக்கும் முறை உண்டு. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் புதுப்பிப்பு எழுதப்படும். அடுத்த முறை பூட் லோடர் புதிய பிரதியைத் தொடங்கிப் பார்க்கும். அது நன்றாக எழுந்ததா என்று லோடருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அது முயல்வதும் இல்லை. இன்னும் எத்தனை முறை முயலலாம் என்று ஓர் எண்ணை மட்டும் குறைத்துக்கொண்டே வரும். நலமாக எழுந்தேன் என்று முத்திரை குத்துவது, முழுதாக எழுந்த இயங்குதளத்தின் வேலை. முத்திரை விழாமல் எண்ணிக்கை தீர்ந்தால் லோடர் பழைய பிரதிக்குத் திரும்பிவிடும். எண்ணுவது முன்னவர் வேலை, மதிப்பிடுவது பின்னவர் வேலை. இந்தப் பிரிவினை இருப்பதால், பாதியில் கெட்டுப்போன புதுப்பிப்பிலிருந்தும் ஃபோன் தானாக மீண்டுவிடுகிறது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கணினி எழாதபோது உடனே எல்லாவற்றையும் அழித்து நிறுவாதீர்கள். திரை எந்த இடத்தில் நின்றது என்று முதலில் பாருங்கள். பூட் செய்ய எதுவும் இல்லை என்றால் ஃபர்ம்வேருக்கு லோடர் கிடைக்கவில்லை. கிரப்பின் வெறும் கட்டளைத் திரை வந்தால் லோடர் வந்துவிட்டது, அதற்குத் தன் கோப்புகளோ அமைவோ கிடைக்கவில்லை. மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று கெர்னல் கதறினால் பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலோ கட்டளை வரியிலோ கோளாறு. அவசர நிலை என்று சொல்லிக் கடவுச்சொல் கேட்டால் இனிட் வரை எல்லோரும் ஒழுங்காகச் சாவியை ஒப்படைத்துவிட்டார்கள், கடைசி வீட்டில்தான் தகராறு. அந்தச் செய்தியைத் தாளில் எழுதிக்கொண்டு, அந்த ஒரு கண்ணியை மட்டும் சரிசெய்யுங்கள். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.